‘எக்குமெனிக்கல்’ – ஒரு சொல்லின் வரலாறு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அதன் சாசனங்களிலும் நாணயங்களிலும் மட்டுமன்றி, அது வழங்கிய சொற்களிலும் காணலாம். 1959 யனவரி 25ஆந் திகதி பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர், தாம் ‘எக்குமெனிக்கல்’ சங்கம் ஒன்றைக் கூட்டவிருப்பதாக உரோமையில் அறிவித்தார். கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், கீழைத்தேயத் திருச்சபையினர் யாவரும் ஒன்றுகூடிச் சமரசம் பேசும் மாநாடு நிகழப்போகின்றதெனப் பலர் அதனைப் பொருள்கொண்டனர். ஆனால் உரோமைத் திருச்சபைச் சட்டத்தில் அச்சொல், கத்தோலிக்க ஆயர் அனைவரும் பாப்பரசரின் தலைமையிற் கூடும் பொதுச்சங்கத்தையே குறித்தது. ஒரே சொல் இருவேறு பொருள் தந்தமைக்கான காரணம் அதன் நீண்ட வரலாற்றில் உள்ளது.

கிரேக்க மொழியில் ‘ஒய்க்கோஸ்’ என்பது வீடு. ‘ஒய்க்குமெனே’ என்பது மக்கள் குடியிருக்கும் நிலம். கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரொடோட்டஸ் இச்சொல்லை மனிதர் வாழும் உலகு என்ற பொருளிலேயே கையாண்டார். உரோமர் ஆட்சி பரவியபின், உலகு என்பதும் பேரரசு என்பதும் ஒன்றாகவே எண்ணப்படலாயின. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், அகுஸ்து இராயனின் குடிமதிப்புக் கட்டளை ‘ஒய்க்குமெனே’ முழுவதற்கும் உரியதாகக் கூறப்படுகின்றது. தமிழ் விவிலியம் இதனை ‘உலகம்’ என்றே பெயர்த்துள்ளது. ஆயினும் அக்கட்டளை சென்ற எல்லை உரோமப் பேரரசின் எல்லையே என்பது நோக்கற்பாலது.

இச்சொல்லைச் சங்கத்துடன் இணைத்து முதலில் வழங்கியோர் கிறிஸ்தவர் அல்லர். உரோமப் பேரரசில் நாடகக் கலைஞரும் மல்லரும் அமைத்திருந்த பேரரசு தழுவிய தொழிற்சங்கங்கள் ‘எக்குமெனிக்கல் சங்கம்’ எனத் தம்மை அழைத்துக்கொண்டன. வரிவிலக்கு முதலாய சலுகைகளையும் பெற்றிருந்தன. திருச்சபை வரலாற்றறிஞர் ஹென்றி சட்விக் 1972இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இத்தொடர்பை எடுத்துக்காட்டியுள்ளார். 325இல் கொன்ஸ்தந்தைன் பேரரசன் நிசேயாவிற் கூட்டிய ஆயர் சங்கத்துக்கு இப்பெயர் வழங்கியதைச் சிசேரியா ஆயர் யுசேபியஸ், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் ஆகியோரின் எழுத்துக்களிற் காண்கின்றோம். கூட்டியவன் பேரரசன், கூடிய ஆயருட் பெரும்பாலோர் அவனுடைய குடிகள். எனவே ‘எக்குமெனிக்கல்’ என்பது தொடக்கத்தில் ‘பேரரசு முழுமைக்குமுரிய’ என்னும் பொருளையும் உட்கொண்டிருந்தது.

பேரரசுக்கு அப்பாலும் கிறிஸ்தவர் வாழ்ந்தனர். பாரசீகத் திருச்சபையினர் 410இல் செலூசியா–தெசிபொனில், சசானிய மன்னன் முதலாம் யஸ்டகெர்டின் ஆதரவோடு தமது சங்கத்தைக் கூட்டியே நிசேயாவின் தீர்மானங்களை ஏற்றனர். ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்னும் வணிகர், தப்ரபேன் எனப்பட்ட இலங்கைத் தீவில் பாரசீகக் கிறிஸ்தவரின் தேவாலயம் ஒன்றிருந்ததெனக் குறித்துள்ளார். உரோமப் பேரரசு தன்னை உலகெனக் கருதிய காலத்தில், அவ்வுலகின் வரம்புக்குள் அடங்காத கிறிஸ்தவர் நம் தீவிலும் இருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

அரசன் கூட்டினான் என்பதனாலோ, ஆயர் பெருந்தொகையினராக வந்தனர் என்பதனாலோ ஒரு சங்கம் அப்பெயரை நிலையாகப் பெற்றுவிடவில்லை. 381இல் கொன்ஸ்தாந்திநோபிளிற் கூடியோர் ஏறத்தாழ 150 ஆயரே, அனைவரும் கீழைப்பகுதியினர். எனினும் அவர்களது விசுவாச அறிக்கை 451இல் கல்சிதோன் சங்கத்தில் வாசித்து ஏற்கப்பட்டபின், அச்சங்கம் இரண்டாம் பொதுச்சங்கமாக நிலைபெற்றது. மாறாக, 449இல் இரண்டாம் தியொடோசியஸ் பேரரசன் பொதுச்சங்கமாகவே எபேசுவிற் கூட்டிய கூட்டத்தைப் பாப்பரசர் லியோ ‘கொள்ளையர் கூட்டம்’ எனக் கண்டித்தார். அது பட்டியலில் இடம்பெறவில்லை. 754இல் ஐந்தாம் கொன்ஸ்தந்தைன் ஹியேரியாவிற் கூட்டிய சங்கத்தில் 338 ஆயர் அமர்ந்து, திருவுருவ வணக்கத்தைத் தடைசெய்து, தம்மை ஏழாம் பொதுச்சங்கமென அறிவித்தனர். 787இல் கூடிய இரண்டாம் நிசேயாச் சங்கமோ, உரோமை ஆயரின் ஒத்துழைப்பும் கீழைப் பிதாப்பிதாக்களின் இசைவும் இன்மையால் ஹியேரியாவுக்கு அப்பெயர் பொருந்தாதெனத் தீர்த்து, தானே ஏழாவதாயிற்று. ஆகவே இப்பெயர், கூட்டத்தின் அளவைக் கூறும் அடைமொழி என்பதிலும், பிற்காலத்தார் அளித்த தீர்ப்பு என்பதே பொருந்தும்.

தீர்ப்பளிப்போர் பிரிந்தபோது பட்டியல்களும் பிரிந்தன. கல்சிதோனின் கிறிஸ்துவியற் கோட்பாட்டை ஏற்காத கொப்திய, ஆர்மேனிய, சிரிய மரபினர் மூன்று சங்கங்களோடு நின்றனர். பாரசீக மரபில் வந்த கிழக்குத் திருச்சபை இரண்டை மட்டுமே ஏற்றது. கிரேக்க, ருஷ்ய மரபுவழித் திருச்சபைகள் ஏழினைக் கொள்ள, உரோமைத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் வரை இருபத்தொன்றை எண்ணுகின்றது. அவ்வெண்ணிக்கையிலும் இறுக்கம் ஓரளவு தளர்ந்தது. 1274ஆம் ஆண்டு லியோன் சங்கத்தின் எழுநூறாம் நிறைவையொட்டி 1974இல் எழுதிய மடலில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், அதனை மேற்கில் நிகழ்ந்த பொதுச்சங்கங்களுள் ஆறாவது எனக் குறிப்பிட்டமை கூர்ந்து நோக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பும் பிணக்கை வளர்த்தது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் கொன்ஸ்தாந்திநோபிள் பிதாப்பிதா நான்காம் யோவான் ‘எக்குமெனிக்கல் பிதாப்பிதா’ என்னும் பட்டத்தை வழங்கியபோது, பாப்பரசர் முதலாம் கிரகோரி கடுமையாக எதிர்த்தார். கிரேக்கருக்கு அது பேரரசின் தலைநகர்ப் பீடத்தைச் சுட்டும் சிறப்புப் பெயராகத் தோன்றியிருக்கலாம். ‘உலகனைத்துக்குமுரிய’ என இலத்தீனிற் பெயர்த்தபோதோ, ஏனைய ஆயர் அனைவரது உரிமையையும் ஒருவரே கவர்ந்துகொள்வதாகப் பொருள்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் புதுவழியிற் சென்றது. 1900இல் நியூயோர்க்கில் நடந்த ‘எக்குமெனிக்கல்’ மிஷனரி மாநாட்டில், குடியிருக்கும் உலகு முழுவதையும் தழுவும் பணி என்ற பழம்பொருளே கருதப்பட்டது. 1910இன் எடின்பரோ மாநாட்டையும் 1925இன் ஸ்ரொக்ஹோம் மாநாட்டையும் அடுத்து, பிரிந்த திருச்சபைகளின் ஒற்றுமை முயற்சி என்னும் பொருள் வேரூன்றியது. 1948இல் 147 திருச்சபைகள் அம்ஸ்ரர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தை நிறுவின. அம்மாநாட்டின் தொடக்க வழிபாட்டில் உரையாற்றியோருள் இலங்கைத் தமிழரான டி. ரி. நைல்ஸ் ஒருவர். அதற்கு முந்திய ஆண்டில் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமும் இவ்வொற்றுமை நோக்கின் பயனேயாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இவ்விரு பொருள்களையும் ஓரளவு அணுகச்செய்தது. 1962 தொடக்கம் 1965 வரை கூடிய அச்சங்கம் கத்தோலிக்க ஆயரின் சங்கமாகவே அமைந்தது. எனினும் பிற திருச்சபைகளின் பார்வையாளர் அதற்கு அழைக்கப்பட்டனர். 1964இல் அது கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றி ஏடொன்றை வெளியிட்டது. 1054இல் உரோமையும் கொன்ஸ்தாந்திநோபிளும் பரிமாறிக்கொண்ட சாபங்கள் 1965 டிசெம்பர் 7ஆந் திகதி நீக்கப்பட்டன. 1959இல் பலர் பிழையாகக் கொண்ட பொருள், ஏழாண்டுகளுக்குள் முற்றிலும் பிழையென ஒதுக்கமுடியாததாயிற்று.

தமிழில் இவ்விரு பொருள்களுக்கும் ‘பொதுச்சங்கம்’, ‘கிறிஸ்தவ ஒன்றிப்பு’ என வெவ்வேறு சொற்கள் அமைந்தமையால் மயக்கம் குறைந்தது. ஆனால் இரண்டும் ஒரே வேரின என்ற உண்மையும் மறைந்தது. ‘பொது’ என்னும் சொல்லை வழங்குங்கால் யாருக்குப் பொது, அப்பொதுமையை யார் ஏற்றனர் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். பேரரசை உலகெனக் கொண்டு பிறந்த ஒரு சொல், அவ்வுலகுக்கு வெளியே நின்றோரையும் அழைக்கும் சொல்லாக மாறுதற்கு ஆயிரத்தறுநூறு ஆண்டுகள் சென்றன. அதன் வரலாறு கற்பிக்கும் பாடம் திருச்சபைக்கு மட்டும் உரியதன்று.