பஞ்சிழை முதல் புரோட்டான் வரை: அதிர்வு நிறுவையின் வரலாறு

பல்லடம் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களில் 40-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கஜச் சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு பவுண்டு நிற்கும் என்பது கணக்கு. அதைச் சோதிப்பவர் 120 கஜம் சுற்றியெடுத்து நிறுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அந்நூலுக்கு மூலமான தனிப் பஞ்சிழையோ சில மைக்ரோகிராமே எடையுள்ளதாகையால், ஆராய்ச்சியாளர்கள் அதை வைப்ரோஸ்கோப் என்னும் சாதனத்தில் குறித்ததோர் இழுவிசையோடு பூட்டி, எந்த அதிர்வெண்ணில் அது மிகுதியாக ஆடுகிறதென்று கண்டு, அதிலிருந்தே அதன் கனத்தைக் கணித்தார்கள். நீளமும் இழுப்பும் மாறாதிருக்க, கனம் கூடக் கூட ஸ்வரம் தாழும் என்று 1636-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் வெளியிட்ட விதியே இதற்கு ஆதாரம்.

அவ்விதி இழை முழுதும் சீராகப் பரவிய கனத்தைப் பற்றியது. கனம் ஓரிடத்தில் மட்டும் ஏறினால் அதிர்வு என்னவாகும் என்ற வினாவே நானோ கருவிகளின் சரித்திரத்துக்கு ஜீவநாடி என்பது என் துணிபு. நம் நாட்டில் அதை மிருதங்கத்தின் வாயிலாக ஆழ்ந்து ஆராய்ந்தவர் சி. வி. ராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பை, பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தின் இயக்குநராயிருந்த காலத்தில், 1934-இல் அவர் விரிவாக்கினார். வெறுந்தோலை இழுத்துக் கட்டிய கொட்டின் மேல்ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை; மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவிலோ, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றிய கரும்பசையான கரணையின் கனம் அவற்றை இசைவிக்கிறது. தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அது அசைவற்ற கோடுகளில் ஒதுங்கிய வடிவங்களைக் கொண்டு, முதல் 9 அதிர்வு முறைகளும் 5 இசைவான ஸ்வரங்களுக்குள் அடங்குவதை ராமன் நிரூபித்தார். கனம் எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் அதிர்வில் பதிகிறது.

1959-இல் ஜெர்மானியரான சாவர்பிரே, குவார்ட்ஸ் படிகத்தின்மேல் படியும் மெல்லிய படலத்தின் கனத்துக்கு நேர்விகிதமாக அதன் அதிர்வெண் குறைவதை நிறுவினார். ஒட்டும் கனம் அதிரும் பொருளின் கனத்தில் எத்தனையில் ஒரு பங்கோ அதையொட்டியே குறைவும் அமைவதால், அதிரும் பொருளைச் சிறிதாக்குவதே சூட்சும நிறுவைக்கு வழியென்று தெளிவாயிற்று. 1999-இல் கார்பன் நானோ குழலின் நுனியில் ஒட்டிய 22 ஃபெம்டோகிராம் துகள் நிறுக்கப்பட்டது. 2012-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் ஏறத்தாழ 150 நானோமீட்டர் நீளக் குழலைக் கொண்டு 1.7 யோக்டோகிராம், அதாவது ஒரு புரோட்டானின் கனம் வரை எட்டினார்கள். காற்றின் தடையும் வெப்பத்தின் சலனமும் தீண்டாத வெற்றிடத்தில், கடுங்குளிரில் மட்டுமே அது கைகூடும்.

2009-இல் அமெரிக்காவின் கால்டெக் கல்விக்கழகத்தில் ரூக்ஸ் என்பவரின் குழுவைச் சேர்ந்த அக்ஷய் நாயக் முதலானோர், புரத மூலக்கூறு ஒவ்வொன்றாக நானோ தண்டின்மேல் படியும்போதெல்லாம் அதிர்வெண் திடீரெனப் படியிறங்குவதைப் பதிவுசெய்தபோது, பழைய வினா புதிய உருவில் வந்து நின்றது: ஒரே மூலக்கூறு தண்டின் நடுவில் விழுந்தால் இறக்கம் பெரிதாயும், பிணைத்த முனையருகே விழுந்தால் அற்பமாயும் இருந்தபடியால், பல மூலக்கூறுகளின் பதிவுகளைத் திரட்டிப் புள்ளியியலின் துணையால்தான் கனத்தை அனுமானிக்க முடிந்தது. 2012-இல் அதே குழுவினர் தண்டை இரண்டு முறைகளில் ஏககாலத்தில் அதிரச் செய்தனர். இரண்டின் இறக்கங்களையும் ஒப்பிட்டால் விழுந்த இடம் தெரியும், இடம் தெரிந்தால் ஒரே மூலக்கூற்றின் கனமும் நிர்ணயமாகும். ஓர் அதிர்வு முறையை மட்டும் கேட்டு ராமனும் கரணையை விளக்கியிருக்க முடியாது. நாயக் பின்னர் பெங்களூரில் ராமன் பணியாற்றிய அதே ஸ்தாபனத்தில் ஆசிரியராகி, அணுப்படலத் தடிப்பே உள்ள கிராஃபீன் முதலிய சவ்வுகளை அதிரவைத்து ஆராய்ந்து வருகிறார்.