மீன் தொட்டிக்குக் கண்ணாடியா, அக்ரிலிக்கா? ஒரு வரியின் கதை, ஒரு போரின் கதை

மீன் தொட்டி வாங்கப் புறப்படுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். கண்ணாடித் தொட்டியா, அக்ரிலிக் தொட்டியா? கடைக்காரர் இரண்டுக்கும் ஐந்தாறு காரணம் சொல்வார். எல்லாமே உண்மையாக இருக்கும். ஆனாலும் முடிவு கிடைக்காது.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் கோப்பின் முதல் பக்கத்துக்குப் போ என்பது எங்கள் பிரிவில் எழுதாத சட்டம். இந்தக் கேள்விக்கும் அப்படியே போய்ப் பார்த்தேன். இந்த இரண்டு பொருளையும் மீனுக்காக யாரும் உண்டாக்கவில்லை. ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தது ஒரு வரி நீக்கம். மற்றதைக் கொண்டுவந்தது ஒரு போர். இது தெரிந்த பிறகு, எதை எங்கே வைக்கலாம் என்பதும் ஓரளவு விளங்கியது.

முதல் பக்கத்தில் இருப்பவர் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அதில் சிறிது பெருமை உண்டு, மன்னியுங்கள். ழான் வில்ப்ரே 1794-இல் பிரான்சின் ஜூயாக் என்ற சிற்றூரில் பிறந்தார். பாரிஸுக்குப் போய்த் தையல் வேலை செய்தார். 1816-இல் ஓர் இளவரசியின் கல்யாண உடைக்கு வேலைப்பாடு செய்து பெயர் வாங்கினார். பிறகு பவர் என்ற ஆங்கிலேய வணிகரை மணந்து, சிசிலித் தீவில் மெஸ்ஸினா நகரில் குடியேறினார்.

அங்கே அவருக்கு ஆர்கோநாட் என்ற உயிரின் மேல் ஆர்வம் வந்தது. நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்லும் ஆக்டோபஸ் இனத்தைச் சேர்ந்தது அது. மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் இருக்கும். அந்த ஓட்டை அதுவே கட்டுகிறதா, அல்லது சங்குக்குள் புகும் துறவி நண்டு போல வேறோர் உயிரின் வீட்டைப் பிடித்துக்கொள்கிறதா என்று அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செத்ததை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. உயிரோடு பார்க்க வேண்டும். அதற்காக அந்தம்மாள் 1832-இல் கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி செய்து, ஆர்கோநாட்டை அதில் வளர்த்து, ஓட்டை அதுவே கட்டுகிறது, உடைந்தால் அதுவே செப்பனிடுகிறது என்று காட்டினார். நாம் பொழுதுபோக்குக்கு வைக்கும் தொட்டி, ஒரு வழக்கைத் தீர்ப்பதற்காகப் பிறந்தது.

ஆனால் அந்தத் தொட்டி ஊர் வீடுகளுக்குப் பரவவில்லை. கண்ணாடி விலை அப்படி. இங்கிலாந்தில் 1745 முதல் கண்ணாடிக்கு எக்சைஸ் வரி இருந்தது. அதுவும் எடைக் கணக்கில். கண்ணாடி தடியாக இருந்தால் வரியும் கூடும். வரி அதிகாரிகள் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து கணக்கெழுதினார்கள். மீன் தொட்டிக்கோ தடிக் கண்ணாடிதான் வேண்டும். நூறு வருஷம் கழித்து, 1845-இல் அந்த வரியை எடுத்தார்கள். ஆறே வருஷத்தில், 1851-இல், லண்டனில் கண்ணாடி மாளிகையே எழுந்தது. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தது. மறு வருஷம் ஃபிலிப் காஸ் என்பவர் 'தி அக்வேரியம்' என்ற நூலை வெளியிட, நடுத்தர வீடுகளில் எல்லாம் தொட்டி வைக்கும் பித்து பிடித்துக்கொண்டது. ஒரு கையெழுத்தில் வரி போனால் எத்தனை வீட்டில் என்னென்ன மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத் தொட்டி இன்றையது போல் இல்லை. இரும்புச் சட்டம், அடியில் பலகைக் கல், நான்கு பக்கமும் கண்ணாடி, இடுக்கில் மக்கு. கண்ணாடியை விட மக்குதான் தகராறு. காய்ந்தால் வெடிக்கும், தண்ணீர் கசியும். கடல்நீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும்.

நம் பக்கம் வருவோம். சென்னை மெரினா கடற்கரையில் 1909-இல் ஒரு மீன் காட்சியகம் திறந்தது. அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே தர்ஸ்டன்தான். 1919-இல் அது மீன்வளத் துறைக்கு மாறியது. 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் மூடினார்கள். கடற்கரை ஓரம், கண்ணாடிச் சுவர்கள், வானத்தில் விமானம் என்றால் வேறென்ன செய்வார்கள்? 

கொடைக்கானலிலோ கண்ணாடி என்றாலே தலைச்சுமைதான். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளுக்குக் கரை கட்டி ஏரியை உண்டாக்கிய காலத்திலும், 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையார் கல்லூரி தொடங்கிய காலத்திலும் மேலே வர வண்டிப் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. ஆட்கள் டோலியிலும் குதிரையிலும் வந்தார்கள். சாமான்கள் கூலிகளின் தலையில் வந்தன. லா என்ற பொறியாளரின் பெயரால் வழங்கும் மலைச்சாலை முதல் உலகப்போர்க் காலத்தில்தான் திறந்தது. அதற்கு முன் கட்டிய பங்களாக்களின் சன்னல் கண்ணாடி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தலையில் ஏறி வந்தது. இந்த ஊரில் பழைய சன்னல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கழுத்துகள் நினைவுக்கு வரும்.

இனி இரண்டாவது பொருள். எந்தப் போர் மெரினாவின் தொட்டிகளை மூடியதோ, அதே போர்தான் அக்ரிலிக்கை வளர்த்தது. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் 1933-இல் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்று பெயர். கண்ணாடி போலத் தெளிவு, கண்ணாடியில் பாதிக்கும் குறைந்த எடை, சூடாக்கினால் வளையும். போர் விமானத்தின் மூடிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. இரண்டு தரப்பு விமானங்களிலும் இதுதான் இருந்தது.

அந்த மூடிகள் உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் சில்லுகள் பாய்ந்தன. ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் மருத்துவர், அந்தச் சில்லுகள் உள்ளேயே கிடந்தும் கண் அவற்றோடு சண்டை போடவில்லை என்று கவனித்தார். 1949 நவம்பரில் அதே பொருளில் லென்ஸ் செய்து ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992-இல் இந்த லென்ஸைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. பணம் இல்லாதவர்களுக்கும் பார்வை கிடைத்தது. எனக்கும் புரை எடுத்து, இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்திருக்கிறார்கள். ஆகவே 'அது வெறும் பிளாஸ்டிக்தானே' என்று யாராவது சொன்னால், அந்தப் பிளாஸ்டிக் வழியாகத்தான் உங்களைப் பார்க்கிறேன் ஐயா என்று சொல்லிவிடுவேன்.

போர் முடிந்த பின் அக்ரிலிக் பெரிய காட்சியகங்களுக்குள் புகுந்தது. காரணம் ஒட்டு. இரண்டு அக்ரிலிக் பலகையைத் தக்க திரவம் விட்டுச் சேர்த்தால், இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். சுவர் சுவராகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒளி வளையும் அளவும் தண்ணீருக்கு அருகில்: தண்ணீர் 1.33, அக்ரிலிக் 1.49, கண்ணாடி 1.52. சாதாரணக் கண்ணாடி தடிக்கத் தடிக்கப் பச்சை தட்டும், அதில் இருக்கும் இரும்பினால். அக்ரிலிக் எவ்வளவு தடித்தாலும் வெளுப்பாகவே இருக்கும். ஜப்பானில் ஓகினாவாவில் 2002-இல் திறந்த காட்சியகத்தின் சன்னல் 60 செ.மீ. தடிமன். அதைக் கண்ணாடியில் நினைத்துப் பார்க்க முடியாது. 1951-இல் திறந்த மும்பை தாராபோர்வாலா காட்சியகத்தை 2015-இல் புதுப்பித்தபோது அக்ரிலிக் சுரங்கப் பாதை வைத்தார்கள். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2019-இல் வந்த காட்சியகத்திலும் அப்படித்தான்.

அதற்காக அது உடையாது என்று எண்ண வேண்டாம். பெர்லினில் ஒரு ஹோட்டலின் உள்ளே நின்ற உருளை வடிவ அக்ரிலிக் தொட்டி, பத்து லட்சம் லிட்டர் தண்ணீரோடு, 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் வெடித்தது. சுமார் 1500 மீன்களில் பெரும்பாலானவை செத்தன. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்பதால் மனிதர்கள் தப்பினார்கள். நிபுணர்கள் ஆராய்ந்தும் ஒரே காரணம் என்று எதையும் அறுதியிட முடியவில்லை.

வீட்டுத் தொட்டியில் நடந்தது வேறு. இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி, உருகிய கண்ணாடியை உருகிய ஈயத்தகரத்தின் மேல் மிதக்கவிட்டு வழவழப்பான பலகையாக்கும் முறையை 1959-இல் அறிவித்தது. பழைய கண்ணாடியின் நெளிவு போயிற்று, விலையும் இறங்கியது. 1665-இல் பதினான்காம் லூயி காலத்தில் தொடங்கிய சேன் கொபேன் (இங்கே எல்லோரும் செயின்ட் கோபைன் என்கிறார்கள், அதுவும் சரிதான்) 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் அந்த முறையில் உற்பத்தி தொடங்கியது. இதனிடையே 1960-களில் சிலிகான் பசை வந்து, மக்கும் இரும்புச் சட்டமும் ஒழிந்தன. கண்ணாடியை அறுக்கத் தெரிந்த ஆளும் ஒரு டியூப் சிலிகானும் இருந்தால் தொட்டி ரெடி. சென்னை கொளத்தூரில் வரிசை வரிசையாக வண்ண மீன் கடைகள் பெருகியது இந்தக் கண்ணாடியையும் பசையையும் நம்பித்தான்.

இனி எங்கள் ஊர்க் கணக்கு. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். அவருடைய இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் நான்கு ஏஞ்சல் மீன்கள். போன ஜனவரியில் ஓர் இரவு முழுக்கக் கரண்ட் இல்லை, ஹீட்டர் ஓடவில்லை. காலையில் நான்கும் செத்துக் கிடந்தன. "அண்ணே, அக்ரிலிக் குளிர் தாங்கும்ங்கிறாங்களே, அது வாங்கியிருந்தா பிழைச்சிருக்குமா?" என்று கேட்டார். மீன்தானே என்று சொல்லிவிட முடியவில்லை. அந்த வீட்டில் அவர் பேசுவதற்கு இருந்தவை அவைதான்.

என் மகள் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறாள். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அக்ரிலிக் கண்ணாடியைவிட ஐந்து மடங்கு குறைவாக வெப்பம் கடத்தும் என்பது நிஜம். ஆனால் 6 மி.மீ. தடிமன் உள்ள சுவரில், வெப்பத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு சுவருக்கு இல்லை, சுவரை ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்துக்குத்தான். அதையும் சேர்த்துப் பார்த்தால், அக்ரிலிக்கால் மிச்சமாவது சுமார் ஆறில் ஒரு பங்கு வெப்பம். அதே கண்ணாடிச் சுவரின் பின்னால் ஓர் அங்குலத் தெர்மாக்கோல் ஒட்டினால், அந்தச் சுவரில் மிச்சமாவது சுமார் ஆறில் ஐந்து பங்கு! மேலே மூடி இல்லாவிட்டால் ஆவியாகும் தண்ணீரோடு போகும் வெப்பம் தனி.

எடையையும் பார்த்தோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். 6 மி.மீ. கண்ணாடியில் சுமார் 11 கிலோ, அக்ரிலிக்கில் 5 கிலோ. மலைச்சாலையில் பஸ்ஸில் ஏற்றி வரும்போது அந்த 6 கிலோவும் உடையாத குணமும் லாபம்தான். உள்ளே 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் நின்ற பிறகு மேசைக்கு இரண்டும் ஒன்றே. பாசி துடைக்கும்போது ஒரு மணல் சிக்கினாலும் அக்ரிலிக்கில் கீறல் விழும். மெருகு போட்டு எடுக்கலாம், ஆனால் அதற்கு ஆள் வேண்டும். கண்ணாடித் தொட்டி கசிந்தால் சிலிகான் இந்த ஊர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். அக்ரிலிக் விரிசலுக்கு, பெயர்ப் பலகை செய்பவரைத் தேடி மலை இறங்க வேண்டும்.

ஆகவே நான் சொல்வது இது. ஆள் உயரத் தொட்டி, வளைந்த சுவர், சின்னக் குழந்தைகள் முட்டி மோதும் இடம் என்றால் அக்ரிலிக். இரண்டடி, மூன்றடி வீட்டுத் தொட்டிக்குக் கண்ணாடி. கொடைக்கானல் குளிருக்கு இரண்டுமே பதில் இல்லை. பின்பக்கமும் இரு பக்கவாட்டிலும் தெர்மாக்கோல், மேலே மூடி, கரண்ட் போன இரவில் முன்பக்கத்துக்கு ஒரு கம்பளி, இவைதான் பதில். இதுவும் தொல்லை என்றால் தங்கமீன் வளர்க்கலாம். குளிர்ந்த தண்ணீர் அதற்கு இயல்பு, ஹீட்டரே வேண்டாம். ஆனால் அதற்கு விசாலமான தொட்டி வேண்டும்.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். பழைய கண்ணாடித் தொட்டியையே கழுவி, மூன்று பக்கமும் தெர்மாக்கோல் ஒட்டி வைத்திருக்கிறார். ஏஞ்சலா, தங்கமீனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது.