நாலு ஸ்க்ரூ, ஆறு கம்பி

ஆலங்குளம் வட்டாரத்தில் சுடலைமாடனுக்கோ இசக்கியம்மனுக்கோ கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். குழு வண்டியிலிருந்து இறங்கும்போது வாத்தியம் உதிரி உதிரியாகத்தான் இறங்கும். வைரம் பாய்ந்த பனையில் சீவிய வில், ஏறத்தாழப் பத்தடி நீளம். தோலில் முறுக்கிய நாண். வில்லில் தொங்கவிட மணிகள். மண்குடம், அது ஆடாமல் உட்கார வைக்கோல் புரிமணை. பந்தலுக்குள் வந்த பிறகுதான் வில்லின் வளைவைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். நாணை இழுத்து முறுக்கேற்றி, வீசுகோலால் ஒரு தட்டு தட்டி, காது சரி என்று சொன்னால்தான் காப்புப் பாட்டு தொடங்கும். குடம் உடைந்தால் வேளாரிடம் இன்னொரு குடம். நாண் அறுந்தால் வேறு நாண். வில் மட்டும் வருஷக்கணக்கில் கூடவே வரும்.

இந்தக் கலையை நகரத்து மேடைக்குக் கொண்டுபோனவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவர் சென்னைக்கு அழைத்துவந்த நெல்லைச் சீமைக்காரர் சுப்பு ஆறுமுகம், 2021-இல் பத்மஸ்ரீ பெற்று 2022-இல் மறைந்தார். மைக்கும் ஸ்பீக்கரும் வந்தும் வில் மாறவில்லை. அன்றும் இன்றும் அது பிரித்துக் கட்டும் வாத்தியம்தான்.

எல்லாத் தந்தி வாத்தியமும் இப்படி இடம் கொடுப்பதில்லை. தஞ்சாவூர் வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உயர்ந்தது என்று பெயர் வாங்கியது, குடமும் தண்டியும் ஒரே பலாமரத் துண்டில் குடைந்து எடுத்த ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைப்பதை ஒட்டு வீணை என்பார்கள். இரண்டிலும் 24 மெட்டுகளை மெழுகில் பதித்து சுருதி பார்த்து நிறுத்த வேண்டும். அதற்குத் தச்சன் கை மட்டும் போதாது, பாட்டுக்காரன் காதும் வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் முதல் மாதத்தில் செய்து முடிக்கிற காரியம் அல்ல.

பல நூற்றாண்டுகளாக கிதாரும் வீணையின் பக்கம்தான் நின்றது. கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டுவது கைதேர்ந்தவர்களின் வேலை. 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக்கர் கம்பெனி மின்சார கிதாரைக் கடைக்குக் கொண்டுவந்தது. மடியில் கிடத்தி வாசிக்கும் அலுமினிய ஹவாயன் கிதார் அது. பார்வைக்கு வறுவல் சட்டி மாதிரி இருந்ததால் 'ஃப்ரையிங் பேன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒலியைப் பெருக்கும் வேலையை ஆம்பிளிஃபயர் ஏற்றுக்கொண்டதும், உள்ளே குடைந்த பெட்டி தேவையில்லாமல் போனது. கம்பியைத் தாங்க ஒரு மரக்கட்டை இருந்தாலே போதும்.

அந்தக் கட்டையைத் தொழிற்சாலைப் பண்டமாக்கியவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் புல்லர்ட்டனில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாது! வாசிக்கத் தெரிந்திருந்தால் இவ்வளவு துணிச்சல் வந்திருக்காதோ என்னவோ. 1950-இல் அவர் பிராட்காஸ்டர் என்று ஒரு கிதாரை இறக்கினார். அதே உச்சரிப்பில் கிரெட்ஷ் கம்பெனியின் டிரம் ஒன்று ஏற்கெனவே கடையில் இருந்ததால், 1951-இல் டெலிகாஸ்டர் ஆனது. உடலுக்கு ஒரு பலகை, கழுத்துக்கு மேப்பிள் மரம், இரண்டையும் பிடித்து நிறுத்த நாலு ஸ்க்ரூ. ஃப்ரெட் என்னும் மெட்டு தேய்ந்தால் கழுத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்பது ஒரு பழுதுபார்ப்பவரின் கணக்கு. 1952-இல் கிப்சன் கொண்டுவந்த லெஸ் பால் கிதாரோ பழைய வழியில் பசையோடு வந்தது. உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் இன்றைய கிதார் கிட் பெட்டிகளிலும் இந்த இரண்டு வழிகளும் அப்படியே இருக்கின்றன.

வீட்டில் கிதார் செய்தவர் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் பிரையன் மே. 1963-இல் இங்கிலாந்தில் பள்ளி மாணவராக இருந்த அவர், அப்பாவோடு உட்கார்ந்து 'ரெட் ஸ்பெஷல்' கிதாரைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், சுருதியை ஆட்டும் டிரெமோலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வ் ஸ்பிரிங், அதன் கைப்பிடி நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி, மெட்டு அடையாளத்துக்குப் பொத்தான். பிறகு குவீன் குழுவோடு அதே கிதார் உலகம் சுற்றியது. அருமையான கதைதான், ஆனால் புதியவரைத் தவறான பக்கம் இழுத்துவிடும் கதையும்கூட. அப்பா எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர், வேலை முடிய ஏறத்தாழ இரண்டு வருஷம் பிடித்தது. அப்படியும் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளைக் கடைசியில் பர்ன்ஸ் கம்பெனியிடம் வாங்கித்தான் மாட்டினார்கள்.

கிட் பெட்டிக்கு நேரான முன்னோடி ராக் கிதார்க்காரர் எடி வான் ஹேலன்தான். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் உடல், கழுத்து, பிக்கப் என்று தனித்தனியாக விற்கும் கடைகள் முளைத்தன. குறை இருப்பதாக ஒதுக்கிவைத்த உடல் ஒன்றை 50 டாலருக்கும் கழுத்தை 80 டாலருக்கும் வாங்கி, கிப்சன் பிக்கப் ஒன்றை ஃபெண்டர் வடிவ உடலுக்குள் திணித்து, அவர் ஒரு கலப்பினத்தை உண்டாக்கினார். 1978-இல் வந்த வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பத்தில் ஒலிப்பது அதுதான். ஃபெண்டரின் நாலு ஸ்க்ரூ இல்லாவிட்டால் இந்த வியாபாரமே தொடங்கியிருக்காது.

நம் பக்கத்தில் இதே துணிச்சலுக்குப் பெயர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். எட்டுக் கம்பி ஜோடி ஜோடியாக இருந்தால் கமகம் வளையாது என்று மின்சார மாண்டலினில் ஒற்றைக் கம்பிகளை வைத்துக்கொண்டார், ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தார். 2014-இல் மறையும்வரை சபாக்களில் ஒலித்தது அந்த மாற்றிக் கட்டிய வாத்தியம்தான்.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு முதல் கிட் வாங்கப் போகிறவர் டெலிகாஸ்டர் வகையைத் தேர்ந்தெடுப்பதே நியாயம். கழுத்து ஸ்க்ரூவில் நிற்கட்டும், கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் அசையாததாக இருக்கட்டும். லெஸ் பால் வடிவம் கண்ணை இழுக்கும். ஆனால் அதன் கழுத்தை ஒருமுறை கோணலாக ஒட்டிவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஸ்க்ரூ என்றால் கழற்றி, சின்னத் தகடு ஒன்றை அண்டக் கொடுத்து, மறுபடி முடுக்கலாம். பிரிட்ஜை அசைக்கும் டிரெமோலோவை இரண்டாவது கிதாருக்கு விட்டுவைக்கலாம். ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற ஐந்தும் இறங்குகிற சங்கடம் முதல் வேலையிலேயே வேண்டாம்.

பார்சல் வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது அளவுநாடா. ஃபெண்டர் வகையில் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். தலைப்பக்கத்து நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை 324 இருக்க வேண்டும், அங்கிருந்து பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடம் அதே 324-ஐ ஒட்டி வர வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை பிரிட்ஜிலுள்ள சேடிலை நகர்த்திச் சரிசெய்யலாம். அதற்கு மேல் தப்பினால் எந்த டியூனிங்கும் உதவாது. வீணைக்கு மெழுகில் மெட்டு வைப்பவரின் காது செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஆலையின் இயந்திரம் முடித்து அனுப்பியிருக்கிறது. மிச்சம் இந்த ஒரு கணக்குதான்.

இரைச்சல் ஒரு தொல்லை. ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு கரண்டின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் சேர்த்துப் பிடிக்கும். அதை அடக்க கிப்சனின் சேத் லவர் 1955-இல் இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து 'ஹம்பக்கர்' பிக்கப்பை உருவாக்கினார். கிட்டில் ஒற்றைச் சுருள்தான் என்றால், வயர் போகும் குழிகளின் உட்புறம் செப்புத் தாள் ஒட்டி அதை எர்த்தோடு சேர்த்தால் இரைச்சல் ஓரளவு குறையும். சால்டரிங் பழகாதவர்கள் பழைய ரேடியோ போர்டில் கை பழகிவிட்டு இதில் கை வைக்கலாம்.

பெயின்ட் வேலைக்குத் தென்காசிச் சீமையில் பஞ்சாங்கமும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் காற்று வீசும்போது லாக்கர் அடித்தால், காற்றின் ஈரம் சிக்கி லாக்கர் படலம் வெளுத்துப் பால் பூத்தாற்போல் ஆகிவிடும். உப்புத்தாள் தேய்ப்பதையும் லாக்கரையும் பங்குனி, சித்திரைக்குள் முடித்துவிட்டு, வயரிங்கையும் கம்பி ஏற்றுவதையும் சாரல் மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் கழுத்து லேசாக வளைந்தால், உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீயால் கால் திருப்பு திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பது நல்லது.