பழவேற்காட்டு முகங்களும் பென்சில் கரியும்



நம் ஊர்ப் பக்கம் பென்சிலில் முகம் வரையும் பிள்ளைகள் இப்போது பெருகியிருக்கிறார்கள். செல்பேசியில் வீடியோ பார்த்து, நடிகர்களின் முகத்தை ஷேடிங் செய்து எனக்கும் அனுப்புகிறார்கள். நன்றாகவே வரைகிறார்கள். இந்தக் கலை பிறந்த காலத்துக்கும் நம் பழவேற்காட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1560களில் இங்கிலாந்தின் போரோடேல் மலையில் தூய பென்சில் கரி கிடைத்தது. பார்க்க ஈயம் போல இருந்ததால் ஈயத்தின் லத்தீன் பெயரை ஒட்டி 'பிளம்பேகோ' என்றார்கள். நாமும் 'ஈயப் பென்சில்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அதில் ஈயம் துளியும் இல்லை. அது கார்பன் என்று 1779இல் ஷீலே என்ற வேதியியலாளர் காட்டினார். 1789இல் வெர்னர் என்பவர் 'கிராஃபைட்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'எழுது' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமை இடம். அதே 17ஆம் நூற்றாண்டில்தான் ஹாலந்திலும் இங்கிலாந்திலும் பென்சில் கரியால் சிறு சிறு முகப்படங்கள் வரையும் வழக்கம் வளர்ந்தது. செப்புத் தகட்டில் படம் செதுக்குபவர்கள் முதலில் ஒரு மாதிரி வரைந்துகொள்வார்கள். அந்த மாதிரிப் படமே அழகாக இருந்ததால் பணக்காரர்கள் அதையே கேட்டு வாங்கினார்கள். இதில் பெயர் பெற்ற டேவிட் லோகன், தொழில் பயின்றது ஆம்ஸ்டர்டாமில்.

பிறகு போர் வந்தது. பிரான்சுக்கு இங்கிலாந்துக் கரி கிடைக்காமல் போனது. 1795இல் கோன்டே என்பவர் கரித்தூளோடு களிமண் கலந்து சூளையில் சுட்டார். களிமண் கூடினால் கடினம், வெளிர் கோடு. கரி கூடினால் மென்மை, கருங்கோடு. உங்கள் பெட்டியில் இருக்கும் 2எச், எச்பி, 6பி எல்லாம் அந்தக் கலவைக் கணக்குதான். பின்னாளில் இலங்கைக் கரி உலகச் சந்தையில் பேர் போனது. நம் சிவகங்கையிலும் கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது.

நம் பழைய ஓவிய மரபில் கோடுதான் உயிர். ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழுவதாக வைத்து நிழல் போடும் முறை ஐரோப்பியர் வழியாகப் பரவியது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் பொறுப்புக்கு வந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான்.

இனி வரையும் பிள்ளைகளுக்கு நான்கு வார்த்தை. முதலில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இருட்டும் வெளிச்சமும் தனித்தனியாகத் தெரியும். மூக்குக்குச் சுற்றிக் கோடு போடாதீர்கள். மூக்கின் நிழலைப் போடுங்கள், மூக்கு தானே எழும்பும். விரலால் தேய்க்க வேண்டாம், எண்ணெய்ப் பசை படிந்து திட்டுத் திட்டாகிவிடும். நம் ஏரிக்கரைக் காற்றில் தாள் நமுத்துப்போகும். வரையாத நேரத்தில் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கல்லில் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. அதே துறையிலிருந்து அவர்கள் அடிமைகளாக விலைக்கு வாங்கிப் படேவியாவுக்குக் கப்பலேற்றிய நம் மக்களுக்குக் கல்லும் இல்லை, படமும் இல்லை. அந்தக் கதை இன்னும் முழுதாக முடியவில்லை என்றே நினைக்கிறேன். நம் குப்பங்களில் எத்தனையோ ஆயாக்களுக்கு வாக்காளர் அட்டைப் படம் ஒன்றுதான் முகம். அந்தப் படத்தில் வெளிச்சம் நேராக விழுந்து முகம் தட்டையாக இருக்கும். அதைப் பார்த்து எந்த ஓவியனாலும் சரியாக நிழல் போட முடியாது.

ஆகவே பிள்ளைகளே, நடிகர்களை வரைய ஆயிரம் பேர் உண்டு. இறால் தடவியும் கருவாடு காயவைத்தும் சுருங்கிப்போன உங்கள் ஆயாவின் முகத்தை வரைய உங்களை விட்டால் ஆளில்லை. காலை எட்டு மணிக்கு வாசல் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல், அதைவிட நல்ல பாடம் கிடையாது. எச்பி ஒன்று, 4பி ஒன்று, இரண்டு பென்சில் போதும். படத்தின் அடியில் அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள்.

வரைந்ததை எனக்கு அனுப்புங்கள். மதிப்பெண் போட மாட்டேன், பயப்பட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
திருப்பாலைவனம்.