மலாக்காத் தோட்டங்களில் விடியற்கால மழை



கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளை நம் மாணவர்கள் ஒப்புவிக்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாசின் வட்டாரத்தில், லேடாங் மலையின் அடிவாரத்தில் வாழும் குழந்தைக்கு முன்பனி எங்கே, பின்பனி எங்கே? அப்பொழுதுகள் தமிழகத்து நிலத்தையும் காற்றையும் வைத்து வகுக்கப்பட்டவை. கடல் கடந்து வந்த நம் முன்னோர் மாதப் பெயர்களை உடன் கொண்டுவந்தனர். பருவங்களை இங்கேயே புதிதாகக் கற்றுக்கொண்டனர். அவர்களுக்கு அதைக் கற்பித்தது இரப்பர் மரம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். லேடாங் மலை 1,276 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சி ஜொகூரில் இருப்பினும், மேற்குச் சரிவு மலாக்காவின் ஆசகான் பக்கம் இறங்குகிறது. மலாக்கா மாநிலத்தின் பெரும்பகுதி தாழ்ந்த மேட்டுநிலமே. மேற்கே கடலுக்கு அப்பால் சுமத்திராவின் நீண்ட மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுக்கிறது; வடகிழக்குக் காற்றின் வேகத்தைத் தீபகற்பத்தின் நடுமலைகள் குறைக்கின்றன. இந்த அடக்கமான நீரிணையே மலாக்காவைத் துறைமுகமாக்கியது. 1512 முதல் 1515 வரை இங்கிருந்த போர்த்துகீசியரான தோமே பிரேஸ், ஒரு பருவக்காற்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடம் என்று மலாக்காவைக் குறித்து வைத்துள்ளார். சோழமண்டலக் கரையிலிருந்து ஒரு காற்றில் வந்த வணிகர், திரும்புவதற்கு மறு காற்றை எதிர்பார்த்து மாதக்கணக்கில் இங்குத் தங்கினர். மலாக்காச் செட்டிகளின் வரலாறு அவ்வாறு தங்கியவர்களிடமிருந்தே தொடங்குகிறது.

வணிகருக்குக் காற்றின் திசை முக்கியம். பின்னாளில் தோட்டத்திற்கு வந்த தமிழருக்கோ மழையின் நேரம் முக்கியமாயிற்று.

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டார். நாட்டின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் அதுவே. இரண்டாண்டுகளில் ஆசகானிலும் நடவு தொடங்கியது. அதற்குமுன் மரவள்ளி பயிரிட்டுச் சத்திழந்த மண் மாநிலத்தில் ஏராளமாகக் கிடந்தது. தோட்டங்கள் பெருகப் பெருகத் தமிழகத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தனர். 'கித்தாக் காடு' என்னும் சொல் அப்போது பிறந்தது. மலாய் மொழியின் 'கெத்தா'வை நம்மவர் தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டனர்.

பால்மரம் வெட்டுவோர் இருட்டிலேயே பெரட்டுக்குப் போவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறாத விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், பாலோட்டம் குறையும். எனவே விடியலில் வெட்டி, முற்பகலில் பாலெடுத்து, நண்பகலுக்குள் நிறுவைக்குக் கொண்டுபோவதே முறை. பட்டை நனைந்திருந்தால் வெட்ட இயலாது. வெட்டினால் பால் வெட்டுவாயில் நில்லாமல் மரமெங்கும் வழியும். ஈரப்பட்டையைப் பூஞ்சணமும் பற்றும். வெட்டிய பிறகு மழை வந்தால் இன்னும் கொடுமை. மங்கில் இருந்த பாலும் நீரோடு கலந்து போய்விடும்.

இங்குதான் மலாக்காவின் தனிச்சிறப்பு தொழிலாளிக்குப் பகையாயிற்று. மலேசியாவின் உள்நாட்டுப் பகுதிகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்வது. அதற்குள் வெட்டுக்காரர் பாலை நிறுத்துவிட்டு லயத்திற்குத் திரும்பியிருப்பார். ஆனால் தென்மேற்குப் பருவக்காலத்தில், சிறப்பாக மே முதல் ஆகஸ்டு வரை, இரவில் நீரிணைமீது திரளும் மேகவரிசை கிழக்கே நகர்ந்து, விடிவதற்கு முன் மேற்குக் கரையைத் தாக்குகிறது. இதற்குச் 'சுமத்திரா' என்றே பெயர். திடீர்க் காற்று, இடி, ஓரிரு மணிநேர மழை. பிறகு வானம் தெளிந்துவிடும். அவ்வளவுதான். ஆயினும் வெட்டுக்கத்தியைக் கையிலெடுக்கும் நேரத்தில் வந்த அந்த ஓரிரு மணிநேரம் அன்றைய கூலியைக் கொண்டுபோய்விடும்.

வானிலைக் கணக்கின்படி மலாக்காவில் மிகுந்த மழை அக்டோபர், நவம்பரில். மிகக் குறைந்த மழை பிப்ரவரியில். இந்தக் கணக்கு சரியானதே. ஆனால் மழைமானி அளவை மட்டுமே கூறும். பிற்பகலில் பெய்த பெருமழையைவிட விடியலில் பெய்த சிறுமழையே ஒரு குடும்பத்தின் அடுப்பைப் பாதித்தது. தோட்ட வரலாறு எழுதுவோர் விலை வீழ்ச்சியையும் கங்காணி முறையையும் விரிவாக எழுதுகிறார்கள். விடியற்கால மழைக்கும் அவ்வரலாற்றில் ஓர் இடம் தரவேண்டும் என்பது என் கருத்து.

மழை குறைந்த மாதங்களாவது நல்ல மாதங்களா என்றால், அதுவும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் இரப்பர் மரம் இலையுதிர்க்கும். காடு முழுவதும் மொட்டையாகி, பின் செந்தளிர் விடும். இலை முற்றும்வரை பால் குறைவு. மாசி மகத்திற்குச் செங் சன்னாசிமலைக்கு முருகனின் தேர் போகும் காலமும் இதுவே. மரம் கொடுக்காத மாதத்தில் திருவிழா!

தீபாவளியோ மழை மிகுந்த அக்டோபர், நவம்பரில் வருவது. புத்தாடைக்கும் பலகாரத்திற்கும் பணம் வேண்டிய வேளையில் வேலைநாள் குறையும். பிற்பகல் மழை இரவுவரை நீண்டால் மறுநாள் காலையிலும் பட்டை ஈரமாகவே இருக்கும். கடைக்காரரின் 555 கணக்குப் புத்தகத்தில் பற்று ஏறும். அக்கடன் தீருமுன் சனவரியில் பள்ளி திறக்கும்; சீருடை, காலணி, புத்தகப்பை; அடுத்து இலையுதிர் காலம். ஆண்டின் முதல் மாதங்களில் சில பிள்ளைகள் ஏன் பழைய காலணியோடு வந்தனர் என்பதற்கு இந்த வரிசையே விடை.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், நாட்கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாள் வேலை தரவேண்டும், தர இயலாவிடில் அந்நாட்களுக்கும் கூலி தரவேண்டும் என்று விதித்தது. நல்ல சட்டம். எனினும் வெட்டுக்காரரின் வருமானம் எடுத்த பாலின் எடையையும் சார்ந்திருந்தமையால், மழையின் இழப்பு முழுவதும் தீரவில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் அமைந்தது. தோட்ட மக்கள் மாதச் சம்பளத்தை நெடுங்காலம் கேட்டுவந்தனர். தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது 2013இல்தான்.

மழை வராமற்போன ஆண்டுமுண்டு. 1991இல் டுரியான் துங்கல் அணை வறண்டு, மாநிலம் முழுவதும் தண்ணீருக்குத் தவித்தது. 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் நேர்மாறாக, ஜொகூரையும் மலாக்காவையும் வெள்ளம் சூழ்ந்தது.

இப்போது அதே மண்ணில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. செம்பனைக்கு மழை வேண்டும். விடியலில் பெய்தாலும் பிற்பகலில் பெய்தாலும் அதற்கு ஒன்றே. வறட்சியின் விளைவு பல மாதங்கள் கழித்தே குலைகளின் எண்ணிக்கையில் தெரியும். தோட்டத்தை விட்டு ஜாசினுக்கும் மலாக்கா நகருக்கும் குடிபெயர்ந்த வீடுகளில் இன்னும் சில பாட்டிமார் அதிகாலை இடி கேட்டால் விழித்துக்கொள்கிறார்கள்.

அறிவியல் பாடத்திற்காக மழைமானி வைத்திருக்கும் பள்ளிகளில், மாணவர் நிரப்பும் அட்டவணையில் நாளும் மில்லிமீட்டரும் எழுத இரு கட்டங்கள் போதும் என்று கருதுகிறோம். மழை பெய்த நேரத்திற்கும் ஒரு கட்டம் சேர்த்துவிட்டு, அத்தாளை மாணவர் வீட்டிற்கு எடுத்துச்சென்று தாத்தா பாட்டியிடம் காட்டட்டும். மற்றதை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.