கைக்கு வந்த சக்கரம்

சுழலும் கருவியைக் கையில் பிடித்து வேலை செய்யும் வழக்கம் மின்சாரத்தோடு பிறந்ததென்று நினைப்போருக்கு, பலூசிஸ்தானத்து மெஹர்கட் என்னும் தொல்லூரின் இடுகாடு வேறொரு செய்தியைச் சொல்லும். ஏறக்குறைய 9,000 முதல் 7,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த 9 பேருடைய 11 கடைவாய்ப் பற்களில், அவர்கள் உயிரோடிருந்த காலத்திலேயே நுட்பமாகத் துளையிடப்பட்டிருப்பதை 2006ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மணிகளில் துளையிட்டுப் பழகிய கைகளே, சிக்கிமுக்கிக்கல் முனை பொருத்திய வில் துரப்பணத்தால் அதைச் செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் அபிப்பிராயம்.

அந்தப் பழங்கருவிக்கு ஒரு நற்குணம் உண்டு. அதைச் சுழற்றும் பலமும் பிடித்திருக்கும் பலமும் ஒரே உடம்பிலிருந்து வருவதால், கை ஓய்ந்தால் முனையும் ஓயும். முனை எங்கேனும் சிக்கிக்கொண்டால் வில்லின் கயிறு தண்டின்மேல் வழுக்கிப் போகுமேயன்றி மணிக்கட்டை முறுக்காது. காம்பே நகரத்து மணித் தொழிலாளரும் நம் ஊர்த் தச்சரும் அண்மைக்காலம் வரையில் அதைக் கைவிடாததற்குப் பழைமைப் பற்று மட்டுமே காரணமென்று கூறிவிட முடியாது.

சுழற்சியின் பலம் மனித உடம்பை விட்டு ஆற்றுநீருக்கும் பின்னர் நீராவிக்கும் மாறியபோது என்ன நேர்ந்தது என்பதை அறிய, கத்திக்கும் கத்தரிக்கும் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே சாணை பிடிப்போர் மரப்பீடத்தில் கால் பரப்பி அமர்ந்து, எதிரே சுழலும் பெரிய மணற்கல்லின்மேல் குனிந்து எஃகைத் தேய்த்தார்கள். உள்ளே கீறல் உடைய கல் வேகம் தாங்காமல் வெடித்தால் பீடத்தோடு ஆளையும் தூக்கி எறியும். ஆயினும் கல் வெடித்து மாண்டவரைக் காட்டிலும் கல்லின் தூசியால் மாண்டவரே மிகுதி. இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலையைப் பற்றி 1845இல் எழுதிய நூலில் எங்கெல்ஸ், நைட் என்ற ஷெஃபீல்டு மருத்துவர் தந்த விவரங்களை எடுத்தாள்கிறார்: நகரத்துச் சாணைக்காரர் சுமார் 2,500 பேர், அவர்களுள் உலர்ந்த கல்லில் முள்கரண்டி தேய்ப்போர் 28 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையிலேயே இறந்தனர், நனைந்த கல்லில் மேசைக்கத்தி தீட்டுவோர் 40 முதல் 50 வயது வரை தாக்குப்பிடித்தனர். பெருங்குடிகாரரான சாணைக்காரரே நெடுநாள் வாழ்ந்தனர், வேலைக்கு வராத நாள்கள் அவர்களுக்கே அதிகமாதலால், என்று அம்மருத்துவர் சொன்னது வேடிக்கைக்காக அன்று. தூசியைத் தடுக்கும் சாதனங்கள் வந்தபோது அவற்றை எதிர்த்தவர்களும், சில வேளைகளில் உடைத்தெறிந்தவர்களும் அத்தொழிலாளரே. ஆயுள் நீண்டால் ஆள் பெருகும், ஆள் பெருகினால் கூலி குறையும் என்பது அவர்கள் கணக்கு. இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வேலையின் அபாயமே அவ்வேலையின் விலையாக இருந்த இடத்தில், அபாயத்தைக் குறைக்க வந்தவன் விலையையும் குறைக்க வந்தவனாகவே தோன்றியிருப்பான்.

1891இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஆச்சிசன், செயற்கை வைரம் தேடிக் களிமண்ணையும் கல்கரியையும் மின்சார உலையிலிட்டுக் காய்ச்சியபோது, வைரத்துக்குப் பதிலாகக் கார்பொரண்டம் என்னும் கடினமான சாணைப்பொருள் கிடைத்தது. மணற்கல்லின் இடத்தை இத்தகைய செயற்கைக் கற்கள் காலக்கிரமத்தில் பிடித்துக்கொண்டபோது, சாணைக்காரரின் நுரையீரலுக்கும் ஓரளவு விடுதலை கிடைத்தது.

சக்கரம் மேடையை விட்டுக் கைக்கு வந்த கதை இதற்கிடையே தொடங்கிவிட்டது. 1889இல் மெல்போர்னில் ஆர்னாட், பிரெயின் என்னும் இருவர் மின்சாரத் துரப்பணத்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1895இல் ஸ்டட்கார்ட்டின் ஃபைன் நிறுவனத்தார், எடுத்துச் செல்லத்தக்க மின்துரப்பணத்தைச் செய்தனர். பால்டிமோர் நகரத்து பிளாக், டெக்கர் என்னும் நண்பர்கள் கைத்துப்பாக்கியைப் பார்த்து, அதே வடிவில் பிடியும் விசையும் அமைத்த டிரில்லுக்கு 1917இல் காப்புரிமை பெற்றனர். விரல் அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும் என்ற அந்த ஏற்பாட்டில் வில் துரப்பணத்தின் நற்குணத்தில் பாதியாவது மீண்டும் கிடைத்தது. ஆனால் விரல் வலிக்கிறதென்று, அழுத்திய விசையை அப்படியே பூட்டிவைக்கும் பொத்தானும் பின்னர் வந்து சேர்ந்தது. பூட்டிய யந்திரத்தை மின்வெட்டின்போது மேசைமேல் வைத்துவிட்டு தேநீர் குடிக்கப் போனால், மின்சாரம் திரும்பியதும் அது தானாகவே ஓடத் தொடங்கும். இந்த விசித்திரத்தை நம் நாட்டுப் பட்டறைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1954இல் ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் நிறுவனம் அதிவேக ஆங்கிள் கிரைண்டரை வெளியிட்டபோது, ஷெஃபீல்டின் சாணைக்கல்லே உருச்சுருங்கித் தொழிலாளியின் கைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டில்தான் சென்னையில் சாணைக்கற்கள் செய்யும் கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவப்பட்டது என்பது தற்செயலான ஒற்றுமை. நிமிஷத்துக்கு 11,000 முறை சுழலும் 4 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அத்தனை வேகத்தைக் கைக்குக் கொடுத்த நாகரிகம், மேடையில் அச்சக்கரத்தைச் சூழ்ந்திருந்த காவல்களை அதனோடு அனுப்பிவைக்கவில்லை. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சாணைக்கல் சுழலும் ஒவ்வொரு யந்திரத்தின் அருகிலும், கல்லின் விளிம்பு எவ்வளவு வேகத்தில் ஓடினால் பத்திரம் என்பதைக் காட்டும் அறிவிப்பு நிரந்தரமாக இருக்கவேண்டுமென்று விதித்தது. மாடிப்படிக்குக் கம்பி அறுக்க ஏணியில் நிற்பவனுக்கு அருகே அதை மாட்டச் சுவர் ஏது? அந்த அறிவிப்பு சக்கரத்தின் முகத்திலேயே சிறிய எண்ணாகச் சுருங்கி, நாலு நாளில் தேய்ந்தும் போகிறது. பானை வாங்குபவள் சுண்டிப் பார்ப்பதுபோல், மேடைச் சக்கரத்தை மாட்டுமுன் மரத்துண்டால் தட்டி, கணீரென்றால் நலம், மங்கிய ஒலியானால் கீறல் என்று அறியும் பழைய சோதனையும், வலை வைத்துப் பிசினால் இறுக்கிய மெல்லிய கைச்சக்கரத்தினிடம் அவ்வளவாகச் செல்லாது. எஞ்சியது சக்கரத்தின்மேல் வளைந்திருக்கும் தகட்டு மூடி ஒன்றே. பெரிய யந்திரத்தில் தேய்ந்து குறைந்த சக்கரம் வீணாகக் கூடாதென்று, சிறிய யந்திரத்தின் மூடியைக் கழற்றி அதில் அச்சக்கரத்தை மாட்டுவோர் இன்றும் உளர்; குறைந்த வேகத்துக்கென்று செய்த சக்கரம் கூடிய வேகத்தில் சிதறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தூசியின் சரித்திரமும் முடியவில்லை. படிகக்கல் தூளைப் பிசினில் இறுக்கிச் செய்யும் சமையலறைப் பலகைகளைக் கைச்சக்கரத்தால் உலர அறுத்த இளைஞர்களின் நுரையீரலில், ஷெஃபீல்டு மருத்துவர்கள் கண்ட அதே விதமான நோயை ஆஸ்திரேலியர் கண்டனர். 2024 ஜூலை 1 முதல் அப்பலகைகளையே அந்நாடு தடை செய்தது. தண்ணீர் விட்டு அறுப்பதன் நன்மை, முள்கரண்டிக்காரருக்கும் மேசைக்கத்திக்காரருக்கும் இடையே இருந்த ஆயுள் வித்தியாசத்திலேயே தெரிந்ததுதான். ஆனால் மின்கருவி பிடித்த கையில் தண்ணீர் வழிவது வேறொரு மரணத்தை அழைப்பதாகும். ஆதலால், அழுத்தக் காற்றால் சுழன்று நீரையும் தானே செலுத்தும் கைச்சக்கரங்கள் கல் பட்டறைகளில் புழக்கத்துக்கு வந்தன. நம் ஊரில் கிரானைட் அறுப்பவரோ, உதவிக்கு ஒரு பையனை நிறுத்தி, மூடியில் துளையிட்ட பாட்டிலால் அவன் நீர் பீச்சப் பீச்ச, மின்கம்பி செருகிய கிரைண்டராலேயே அறுத்துக்கொண்டிருக்கிறார்.