கழுமரத்துக்கு மஞ்சள் பூசிய கதை

காத்தவராயன் கோயில்களில் ஒரு மரம் நட்டிருப்பார்கள். அதற்குக் கிளை கிடையாது, இலை கிடையாது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை சாத்தி, சூடம் காட்டுவார்கள். வெளியூர்க்காரர் யாராவது அது என்னவென்று கேட்டால், பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டே ஒரு அம்மாள் ‘கழு’ என்று பதில் சொல்லிவிடுவார். மனிதனைச் செருகிக் கொன்ற கூர்மரம் அது. எப்படி இந்த மஞ்சளும் குங்குமமும் அதன் மேல் ஏறின?

இந்தக் கதை திருச்சிக்கு மேற்கே, காவிரியின் வடகரையில் இருக்கும் தொட்டியத்தைத் தொடாமல் போகாது. முசிறியைத் தாண்டி நாமக்கல் சாலையில் வருகிற ஊர். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் தென்னையுமாகக் குளிர்ச்சியாக இருக்கும். ஊருக்குக் காவல் மதுரைகாளியம்மன். எங்கிருந்து வந்தவள் என்பது பெயரிலேயே இருக்கிறது. பங்குனியில் அவளுடைய தேர் சக்கரத்தில் உருளாது, ஆட்களின் தோளில் வரும். இவ்வளவு குளிர்ச்சியான ஊரின் பெயருக்குப் பழைய அகராதிகளில் சூடான பொருள் ஒன்று உண்டு: தொட்டியம் என்றால் ஒரு மந்திர வித்தை. ஏவல், பில்லி, சூனியம் என்கிற வரிசையில் நிற்கிற வித்தை. ‘தொட்டியத்துச் சின்னான்’ என்று மந்திரவாதிகள் கூப்பிடுகிற பெயரும் அந்தச் சூட்டோடு சேர்ந்தது. அந்தச் சின்னான்தான் காத்தவராயனின் தோழன். சில வடிவங்களில் முதலில் எதிரி, பிறகு தோழன். சிலவற்றில் தம்பி மாதிரி.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். சிவனின் சாபத்தால் பூமிக்கு வந்த பிள்ளை, தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டோர் வீட்டில் வளர்கிறான். ஆரியமாலை என்ற பிராமணப் பெண்ணின் மேல் மனம் வைக்கிறான். வேடம் மாறி வேடம் போட்டு அவளை அடைகிறான். ஊர் கொதிக்கிறது. ராஜா ஆளை அனுப்புகிறான். பிடிக்க முடியவில்லை. கடைசியில் அவனே வந்து கழுவில் ஏறுகிறான். 1941இல் பி. யு. சின்னப்பா நடித்த ‘ஆர்யமாலா’வும் 1958இல் சிவாஜி நடித்த ‘காத்தவராய’னும் இந்தக் கதையைத் திரையில் காட்டின. ஈழத்தில் இது ‘காத்தான் கூத்து’. மாரியம்மன் கோயில்களில் நேர்த்திக்கடனாக விடியவிடிய ஆடுவார்கள்.

எனக்கு எப்போதும் இடறுகிற இடம் கழுவேற்றம் அல்ல. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லையே, அந்த இடம்தான். கூடவே இருந்தவன் தொட்டியத்து வித்தைக்காரன். எலுமிச்சம்பழத்தை அறுத்து ஒரு பெயரைச் சொன்னால் முடிந்தது. தோழனைக் கொன்றவர்களின் வம்சத்தைச் சின்னான் தேடித்தேடிக் கருவறுத்தான் என்று ஒரு காண்டம் இருந்திருக்கலாம். கேட்கிறவர்களும் வாயைப் பிளந்து கேட்டிருப்பார்கள். நான் படித்த வடிவங்களில் அது இல்லை. பாட்டுக் கட்டியவர்கள் கழுவின் உச்சியோடு கதையை நிறுத்தி, அந்த மரத்துக்கே மஞ்சள் பூசிவிட்டார்கள்.

கழு என்பது என்ன தண்டனை என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆளை ஒழிப்பதுதான் நோக்கம் என்றால் வாள் போதும். கழுவில் உயிர் மெதுவாகப் போகும். ஊருக்கு வெளியே, நாலு பேர் போய் வருகிற இடத்தில் நட்டார்கள். பார்க்கிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. ராஜா தீர்ப்பு என்றான். ஆனால் காத்தவராயன் யாரையும் கொன்றவன் இல்லை. ஒரு குலத்தின் மானம் போனது, அதற்கு ஈடு கேட்டார்கள். அதாவது இந்தக் கதையில் பழிவாங்கியது ஒரே ஒரு தரப்புதான். நீதியின் பெயரைச் சொல்லி, அரண்மனை ஆட்களை வைத்து, பகல் வெளிச்சத்தில் வாங்கியது.

‘பழி’ என்ற சொல்லே தமிழில் ஒரு வினோதம். குற்றம் என்றும் பொருள், பிறர் சொல்லும் இழிசொல் என்றும் பொருள், பாவம் என்றும் பொருள், அதற்குச் செய்யும் பதிலடி என்றும் பொருள். பழி செய்தான், பழி சுமந்தான், பழி வாங்கினான். மூன்று வேறு ஆட்களுக்கு ஒரே சொல். கடைசி ஆளைக் கவனியுங்கள். அவன் ‘கொடுத்தான்’ என்று தமிழ் சொல்வதில்லை, ‘வாங்கினான்’ என்கிறது. எதிரியின் கையிலிருந்த அழுக்கு இவன் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டால் மொழி ஆராய்ச்சியாளர்கள் ஒப்புவார்களோ என்னவோ, எனக்கு அது சரியாகப் படுகிறது.

பழி கைமாறும்போது தடம் மாறும் என்பதற்கு நம்மிடம் இருக்கிற பெரிய சாட்சி நீலி கதை. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர். கணவன் கையால் செத்த பெண் பேயாகி, மறுபிறவி எடுத்து வந்த அவனைத் துரத்துகிறாள். பழையனூர் வேளாளர் எழுபது பேர், ‘உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு’ என்று வாக்குக் கொடுத்து, அவளை மனைவியென்று நம்பி அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவள் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறாள். வாக்குக் கொடுத்த எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அவள்மேல் தப்பில்லை என்று வாதாட எனக்கும் ஆசைதான்; கொல்லப்பட்டவள் அவள். ஆனாலும் அந்த எழுபது பேர் யாருக்கு என்ன செய்தார்கள்? ஒரு கொலைக்கு ஒரு கொலை என்று தொடங்கிய கணக்கு, நடுவில் நின்ற எழுபது பேரையும் சேர்த்துக்கொண்டுதான் முடிந்தது. ஊர் அதை வாக்குத் தவறாமையின் பெருமையாகச் சொல்கிறது. பழியின் கணக்குப் பிசகாகவும் அதைப் படிக்கலாம்.

மறுபக்கம், மன்னித்துவிடு என்று சொல்வது இருக்கிறதே, அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பொறுமை உயர்ந்த குணம்தான். ஆனால் அது எப்போதும் அடிபட்டவனுக்கே போதிக்கப்படுகிறது. கழு நட்டவனிடம் யாரும் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேசியதாக எந்தக் கதைப்பாடலிலும் இல்லை.

பழிவாங்கவும் கூடாது, மறக்கவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் செய்த வேலைதான் கழுமரம் சாமியானது என்று நான் நினைக்கிறேன். மதுரை வீரன் கதையில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். பொம்மண நாயக்கர் மகளோடு போனவன், பிறகு மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தான். அவன் சாவோடு ஊருக்குக் கேடு வந்தது என்றும், அரசன் பயந்து அவனுக்குக் கோயில் எடுத்தான் என்றும் கதை சொல்லுவார்கள். இன்றைக்கும் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் அவன் காவல் நிற்கிறான். வெட்டிய ஊருக்கே காவல்காரன்! இது மன்னிப்பா? இல்லை. அவனை மறக்க ஊருக்கு அனுமதி கிடையாது. ஆண்டுதோறும் அவன் முன்னால் வந்து நிற்க வேண்டும், ஆடு வெட்ட வேண்டும், ‘உன்னைக் கொன்றோம்’ என்று சொல்லுகிற பாட்டைக் கேட்க வேண்டும். கொன்றவர்களின் பேரப்பிள்ளைகளும் வரிசையில் நின்று திருநீறு வாங்குகிறார்கள். ரத்தம் சிந்தாமல் பழி வாங்க இதைவிட நீளமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு கள்ளத்தனமும் புகுந்தது. செத்தவன் சாமியாகிவிட்டால் கொன்றவன் குற்றம் லேசாகிவிடுகிறது: ‘எல்லாம் சிவன் சாபம், விதிப்படி ஏறினான்.’ கதைப்பாடல்களைத் திரட்டி 1970களின் தொடக்கத்தில் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, சாதி தாண்டிய காதல் கதைகளில் பிற்காலத்தில் ஏற்றிய பூச்சுகளை அடையாளம் காட்டினார். முத்துப்பட்டன் கதையில் அவன் மணந்த சக்கிலியப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள் என்று ஒரு ஒட்டு வேலை. காத்தவராயனும் தெய்வப் பிள்ளை என்று சொல்லிவிட்டால் ஆரியமாலை கல்யாணம் உறுத்தாது. மஞ்சள் நல்லதுதான், ஆனால் ரத்தக்கறையை மறைக்கவும் அதைப் பூசலாம்.

சின்னானின் வித்தையும் இதே வழியில் ஊர்க் கோயில்களுக்குள் வந்து சேர்ந்தது. வழக்குக்குப் போகக் காசு இல்லாதவர், போனாலும் ஜெயிக்க முடியாதவர், ஒரு காசை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறார். திருப்புவனம் பக்கம் மடப்புரம் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுவது பேர்போனது. நாணயத்தைக் கல்லில் வைத்து இரண்டாக வெட்டி, ‘நீயே கேள்’ என்று போட்டுவிட்டு வருவார்கள். ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுகிறார்கள். ஆபீசுக்கு மனு எழுதுகிற மாதிரியேதான்: இன்னார் மகன் இன்னார், இந்த ஊர், என் நகையை எடுத்துக்கொண்டார். இதில் அழகு என்னவென்றால், காசு வெட்டியவரே திரும்பி வந்து, சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்லிக் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அரிவாளில் அந்த வசதி கிடையாது.

வெள்ளைக்காரச் சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 508ஆம் பிரிவு, தெய்வக் கோபம் வரும் என்று நம்பவைத்து ஒருவரை ஒரு காரியம் செய்ய வைப்பதைக் குற்றம் என்றது. அதற்கு அவர்கள் தந்த முதல் உதாரணமே ஒருவன் இன்னொருவன் வாசலில் போய் உட்காருவது. நம் ஊரில் அதற்குப் ‘பழிகிடத்தல்’ என்று பெயர்: நியாயம் கிடைக்கும்வரை எதிராளி வாசலில் பட்டினி கிடப்பது. 2024 ஜூலையில் வந்த புதிய நியாய சம்ஹிதையிலும் 354 என்று எண் மாறி அந்தப் பிரிவு உட்கார்ந்திருக்கிறது. இதே பழைய சட்டம், திடீர் ஆத்திரத்தில் செய்த கொலையைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தது. ஆறவிட்டுத் திட்டமிட்டுச் செய்ததைக் கொலை என்றே சொன்னது. ஆத்திரம் கொதிக்கிற நேரத்துக்குச் சட்டத்தில் கொஞ்சம் இரக்கம் உண்டு. அடைகாத்த பழிக்கு இல்லை. அந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது.

கோடு சரியாக இருந்தும், அதைக் காக்க வேண்டியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். பிராது கட்டுகிற அதே விருத்தாசலத்துப் பக்கத்தில், 2003 ஜூலையில், சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்ட இரண்டு இளைஞர்களை ஊரார் முன்னிலையில் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். பையன் தலித், பெண் சாதி இந்து. செய்தவர்களில் பெண்ணின் சொந்த வீட்டாரே இருந்தார்கள். காத்தவராயனுக்குக் கழு நட்ட அதே மானம். இந்தத் தடவை பெண்ணையும் விடவில்லை. காவல் துறையினர் வழக்கைத் திரித்தார்கள். பிறகு அவர்களிலும் இருவர் குற்றவாளிகளாக நின்றார்கள். பையனின் தகப்பனார் அரிவாள் எடுக்கவில்லை. நீதிமன்றப் படியில் ஏறினார், ஏறிக்கொண்டே இருந்தார். கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2021 செப்டம்பரில் வந்தது, பதினெட்டு ஆண்டு கழித்து. பெண்ணின் அண்ணனுக்குத் தூக்கு, பன்னிரண்டு பேருக்கு ஆயுள். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் பழிவாங்குவது எந்தக் காலத்திலும் தப்பு என்று மேடையில் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். தப்பு என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அப்படிச் சொல்கிற உரிமை பதினெட்டு ஆண்டு படியேறிய அந்தத் தகப்பனாருக்கு இருக்கிறது. அவரை ஏறவைத்தவர்களுக்கு இல்லை. மானத்துக்காக வாங்குகிற பழிக்கு நான் ஒரு அங்குலம்கூட இடம் தர மாட்டேன், அங்கே யாருக்கும் காயமே இல்லை. காயம் பட்டவனின் கோபம் வேறு. அது கேட்பது முதலில் ஒரு வாக்குமூலம்: ‘ஆமாம், செய்தோம்.’ அது கிடைக்காத இடத்தில்தான் அவன் காசை வெட்டுகிறான், மரத்தை நடுகிறான்.

நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவிலும் ஒரு கழுமரம் உண்டு. பெயர் கழுமரம், வேலை விளையாட்டு. உயர்ந்த மரத்தில் வழுக்குகிற பூச்சைப் பூசி நட்டிருப்பார்கள். இளைஞர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறுவார்கள், சறுக்குவார்கள், விழுவார்கள், சிரிப்பார்கள், மறுபடி ஏறுவார்கள். கீழே பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்திருப்பார்கள். ஒருவழியாக ஒரு பையன் உச்சியைத் தொட்டுவிடுவான். கூட்டம் கத்தும். அவன் அங்கே கொஞ்ச நேரம் கையை ஆட்டிவிட்டு, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சறுக்கிச் சறுக்கிக் கீழே இறங்கி வருவான்.